உங்க சர்நேம் என்ன? செங்கல்பட்டில் 1929-ல் எடுத்த முடிவும் இன்றைய பாஸ்போர்ட் குழப்பமும்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது ஞாபகம் இருக்கா? அந்தப் போட்டியின் ஸ்கோர் பட்டியலில் இரண்டு பெயர்கள்: ‘குகேஷ் டி’, ‘பிரக்ஞானந்தா ஆர்’. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனால், குகேஷின் ‘டி’ என்பது தொம்மராஜு, தெலுங்கு மரபில் வரும் குடும்பப் பெயர். பிரக்ஞானந்தாவின் ‘ஆர்’ என்பது ரமேஷ்பாபு, அவருடைய அப்பாவின் பெயர்.

விஸ்வநாதன் ஆனந்த் கதை இன்னும் சுவாரஸ்யம். உலகமே அவரைச் செல்லமாக ‘விஷி’ என்று கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா! அதாவது, இத்தனை வருஷமாக மகனை அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

இது செஸ் வீரர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. மஹிந்திரா சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, முதல்முறை ஆன்சைட் வாய்ப்பு கிடைத்து விசா படிவத்தைத் திறப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘சர்நேம்’ என்ற கட்டம் காலியாக இருக்கும். அதில் என்ன போடுவது?

தமிழர்களுக்கு சர்நேம் இருந்ததே இல்லையா?

சங்க காலப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார்: முதலில் ஊர், பிறகு பெயர். காஞ்சியை ஆண்ட இளந்திரையன் மீது பெரும்பாணாற்றுப்படை பாடியவர் இவர்தான். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், அப்பா, அப்புறம்தான் ஆள். ஆக, பெயருக்கு முன்னால் ஊரையும் தகப்பனையும் சொல்வது நம்மிடம் மிகப் பழைய பழக்கம். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. அதுதான் இனிஷியல்.

பெயருக்குப் பின்னால் வந்தது வேறு: முதலியார், பிள்ளை, நாயக்கர், ஐயர், நாடார் போன்ற சாதிப் பட்டங்கள். மேற்கத்திய ‘சர்நேம்’ கட்டத்தில் உட்காரத் தயாராக இருந்தது இந்தப் பட்டம்தான். இந்தியாவின் பல மாநிலங்களில் அப்படித்தான் நடந்தது. தமிழ்நாட்டில் மட்டும் கதை வேறு பக்கம் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் செங்கல்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

செங்கல்பட்டில் என்ன நடந்தது?

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை உள்ளிட்ட பல தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. அவற்றில் ஒன்று, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்பது. பெரியார் அதற்கு முன்பே, 1927 இறுதியில், ‘குடிஅரசு’ இதழில் தன் பெயரோடு வந்துகொண்டிருந்த ‘நாயக்கர்’ என்பதை எடுத்துவிட்டிருந்தார்.

ஒரே நாளில் எல்லோரும் பட்டத்தை விட்டுவிடவில்லை. ஆனால், அடுத்த சில தலைமுறைகளில் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என எல்லா இடத்திலும் ‘இனிஷியல் + பெயர்’ என்பதே வழக்கமானது. ஒருவரின் பெயரை வைத்தே அவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்க முடியாத நிலை வந்தது. வடமாநிலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். “ஆகே க்யா லிக்தே ஹோ?” (பெயருக்குப் பின்னால் என்ன எழுதுவீங்க?) என்ற கேள்வி பல நேரம் வெறும் பெயருக்கான கேள்வி இல்லை.

அதனால், படிவத்தில் காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டம் யாரோ நிரப்ப மறந்தது அல்ல. வேண்டாம் என்று யோசித்து விட்டது.

அப்போ பாஸ்போர்ட்டில் ஏன் சிக்கல்?

பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரிகளில் எழுத்தும் அம்புக்குறியுமாக இருக்கும் பகுதியை இயந்திரம் படிக்கிறது. சர்வதேச விதிப்படி அங்கே முதலில் சர்நேம், பிறகு இரண்டு ‘<<’ குறிகள், அதன் பின் சொந்தப் பெயர். சர்நேம் இல்லையென்றால், இருக்கிற பெயரையே இயந்திரம் சர்நேமாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யு’ என்று வருவது இதனால்தான். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு எனப் போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. இனிஷியலை வைத்துத் தப்பிக்கலாமா? முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் படிவத்திலேயே இனிஷியலுக்கு அனுமதி இல்லை, விரித்துத்தான் எழுத வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவுக்கு அந்த ஒரே பெயர்தான். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மாவின் பெயரோடு ‘சன்’ (மகன்), ‘டோட்டிர்’ (மகள்) சேர்த்துக்கொள்கிறார்கள். மலேசியத் தமிழர்களின் பெயருக்கு நடுவே வரும் ‘ஏ/எல்’ என்பது ‘அனாக் லெலாக்கி’, அதாவது ‘மகன்’. துருக்கியில் 1934-ல் சட்டம் போட்டு எல்லோரையும் சர்நேம் வைக்கச் சொன்னார்கள்.

நம் கதைக்கு மிக நெருக்கமானது ஹவாய். அங்கேயும் ஆளுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. 1860-ல் மன்னர் நான்காம் கமேஹமேஹா ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி அப்பாவின் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரானது. இன்று அங்கே ‘கெஅலோஹா’ என்றொரு சர்நேம் உண்டு. ‘கெ’ என்பது ஆங்கில ‘தி’ போல. ‘அலோஹா’ என்றால் அன்பு. எப்போதோ ஒரு தாத்தாவுக்கு மட்டும் வைத்த பெயர், இன்று பரம்பரை முழுவதற்கும் முகவரி.

இதே விஷயம் இப்போது நம் வீடுகளிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. முருகனின் மகன் குமார், பாஸ்போர்ட்டுக்காக ‘குமார் முருகன்’ ஆகிறார். அவருக்கு அமெரிக்காவில் மகள் பிறக்கிறாள். தமிழ் வழக்கப்படி அவளுக்குச் சர்நேம் ‘குமார்’. அந்த ஊர் வழக்கப்படி ‘முருகன்’. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், தாத்தா பெயர் அந்தக் குடும்பத்தில் நிலைத்துவிடும். சட்டம் எதுவும் இல்லை, ஒரு விண்ணப்பப் படிவம் போதும்.

அம்மா பெயரைப் போடலாமா?

தாராளமாக. 2016 டிசம்பரில் மாற்றப்பட்ட விதிகளின்படி, பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2022 ஜூலையில் ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், தந்தையை இழந்த குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயர் வைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்று பிரிந்து கிடந்தால் அலைச்சல் பெண்களுக்குத்தான்.

நீங்க என்ன செய்யணும்?

* புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் சர்நேம் கட்டத்தில் அப்பா அல்லது அம்மா பெயரை முழுதாக எழுதலாம். சாதிப் பட்டம் தேவையே இல்லை.
* ஏற்கெனவே அந்தக் கட்டம் காலியாக இருந்தால், விசாவுக்கு முன்பே ‘ரீ-இஷ்யூ’ விண்ணப்பம் போட்டுச் சரிசெய்யுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு ஓடுவது வீண் டென்ஷன்.
* விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே, அதே வரிசையில் எழுதுங்கள்.
* பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் யோசிக்கும்போதே, சர்நேம் கட்டத்தில் என்ன வரும் என்பதையும் வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த முறை யாராவது “உங்க சர்நேம் என்ன?” என்று கேட்டால் சங்கடப்பட வேண்டாம். “எங்க ஊர்ல அது கிடையாதுங்க, இது எங்கப்பா பேரு” என்று சொல்லலாம். ஏன் கிடையாது என்று கேட்டால், செங்கல்பட்டு மாநாட்டில் இருந்து கதையை ஆரம்பிக்கலாம்.