காய்ந்த மரம் உளுத்துப் போவது ஏன்?

கம்பத்து வீட்டு மரப்படிக்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். போன தீபாவளிக்குப் பூசிய சாயம் இன்னும் மங்கவில்லை. பல வருடங்களாக எல்லாரும் ஏறி இறங்கிய படிதான். ஒரு நாள் பாட்டி கால் வைத்ததும் பலகை மடக்கென்று முறிகிறது. முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் மரம் பழுப்பு நிறத்தில், பிஸ்கட் போலப் பொடிப்பொடியாக உதிர்கிறது. கையில் ஈரமே படவில்லை.

இப்படிக் காய்ந்து உதிரும் மரத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் இதற்கு ‘உலர் அழுகல்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. உலர்ந்த மரம் ஒருபோதும் அழுகாது. நாம் பார்க்கும்போது காய்ந்திருக்கிறது. அழுகியபோது அது நனைந்திருந்தது.

குற்றவாளி யார்?

மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை முளைக்க உணவு, உயிர்வளி, ஏற்ற வெப்பம், நீர் ஆகிய நான்கும் வேண்டும். மரமே உணவு. உயிர்வளி காற்றில் இருக்கிறது. பினாங்கின் வெப்பநிலை பெரும்பாலும் 24 முதல் 32 டிகிரி செல்சியஸ். பல பூஞ்சைகளுக்கு இது மிகவும் பிடித்த வெப்பம். ஆக, நம் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் நீர்தான்.

உண்மையான உலர் அழுகலை உண்டாக்கும் பூஞ்சையின் அறிவியல் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். ஐரோப்பிய வீடுகளைப் படாத பாடு படுத்தும் இது, இமயமலைக் காடுகளில் இயற்கையாகவே வாழ்கிறது. சுமார் 20 டிகிரி குளிர்ச்சியில் செழிக்கும். 26 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் ஜார்ஜ்டவுன் வெயிலில் அதற்கு வேலை இல்லை. இங்கே நம் படிகளைத் தின்பவை வெப்பத்தைத் தாங்கும் வேறு பூஞ்சைகள். அவற்றுக்குத் துணையாகக் கறையானும் வரும்.

உள்ளே நடப்பது என்ன?

மரத்துக்கு இழுவிசையைத் தாங்கும் வலிமையைத் தருவது செல்லுலோஸ் என்னும் நீண்ட இழை. இழைகளை இறுகப் பிணைத்து விறைப்பாக வைத்திருப்பது லிக்னின். கான்கிரீட்டில் இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, பழுப்பு நிற லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கம்பி போய் சிமெண்டு மட்டும் மிஞ்சினால் எப்படியோ அப்படி, மரம் சுருங்கிச் சதுரம் சதுரமாக வெடிக்கிறது. வெள்ளை அழுகல் பூஞ்சைகளோ லிக்னினையும் சேர்த்துத் தின்னும். அப்போது மரம் வெளுத்து நார் நாராகிவிடும்.

ஆபத்து எங்கே என்றால், மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளேயே அதன் வலிமையில் பாதிக்கும் மேல் போய்விடக்கூடும். அதாவது, கண்ணுக்கு நல்ல படியாகத் தெரியும்போதே அது பலமிழந்து நிற்கலாம்.

எவ்வளவு ஈரம் ஆபத்து?

நனைந்த மரத்துண்டு ஒன்று 125 கிராம் இருக்கிறது. அடுப்பில் முழுதாக உலர்த்தியபின் 100 கிராம். அப்படியானால் ஈரப்பதம் 25 விழுக்காடு. 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் மரம் அழுகாது. ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தொட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதை வெல்ட் குவேயில் உள்ள சியூ ஜெட்டியை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் இருக்கும் இந்தக் குடியிருப்பு, கடலுக்கு மேல் தூண்களில் நிற்கிறது. கடலடிச் சேற்றில் ஆழப் புதைந்த மரத்துக்கு உயிர்வளி கிடைக்காததால் இந்தப் பூஞ்சைகள் வளர முடியாது. நீருக்குள் இருக்கும் பகுதிக்குக் கப்பல் புழுதான் பெரிய பகை. கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு நீர் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, மழையில் நனைந்து அரைகுறையாகக் காயும் நடைபலகைகளில்தான் நீரும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வெளிப்புறப் படிக்கட்டும் இதே நிலையில்தான் இருக்கிறது.

படியில் நீர் தங்கும் இடங்கள்

மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய உறிஞ்சுகுழல்களைப் போன்றது. பலகையின் மேற்பரப்பைவிட அறுத்த முனை வழியாக நீர் பல மடங்கு வேகமாக ஏறும். அதனால் அழுகல் பெரும்பாலும் படிப்பலகையின் முனைகளிலும், அது பக்கச் சட்டத்தோடு சேரும் இடுக்கிலும், ஆணித் துளைகளிலும், சட்டத்தின் அடி தரையைத் தொடும் இடத்திலும் தொடங்குகிறது. சாயத்தில் வெடிப்பு விழுந்தால் இன்னும் மோசம். வெடிப்பு வழியாக நீர் நுழையும். மீதிச் சாயம் அதை வெளியே உலர விடாது.

நம் முன்னோர் இதைப் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். பழைய மலாய் வீடுகளில் தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தினார்கள். பல வீடுகளில் படிக்கட்டின் கீழ்ப்பகுதியைச் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினார்கள். வெளிவேலைக்குச் செங்கால் போன்ற உறுதியான மரத்தைத் தேடினார்கள். அந்த மரத்தின் வைரப் பகுதியில் பூஞ்சைக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் உண்டு. ஆனால் எந்த மரமானாலும் ஓரத்து வெளிறுப் பகுதி தாங்காது.

உங்கள் வீட்டுப் படியைச் சோதியுங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான படியில் ஏறி மிதித்துப் பார்க்க வேண்டாம். திருப்புளியின் நுனியால் முனைகளையும் அடிப்பகுதியையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். அழுகிய மரத்தில் நுனி எளிதாக இறங்கும். தட்டினால் மொத்தென்று மந்தமாக ஒலிப்பதும், சாயம் உப்பியிருப்பதும் எச்சரிக்கைகள்.

அழுகிய பலகைமேல் சாயம் பூசுவது நோயை மூடி மறைப்பதுதான். பலகையை மாற்றி, நீர் வந்த வழியையும் அடைக்க வேண்டும். புதுப் பலகையின் அறுத்த முனைகளுக்கும் சாயம் பூசுங்கள். பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளி விடுங்கள். படியில் வைத்த பூந்தொட்டிகளை எடுத்துவிடுங்கள், இடுக்கில் தேங்கும் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். மழையில் மரம் நனைவதை நம்மால் தடுக்க முடியாது. அடுத்த மழைக்குள் அது காய வழி செய்தாலே போதும். பாட்டி பயமின்றிப் படியேறலாம்.