மலையேறும் எஞ்சின்

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை மலைச்சுவராக உயர்ந்து நிற்கிறது. அச்சுவரின் அடியில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. உச்சிக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கீழே நெல்லும் திராட்சையும் தென்னையும். மேலே ஏலமும் மிளகும் தேயிலையும். இவ்விரண்டையும் இணைக்கும் மலைவழிகளுள் முதன்மையானவை மூன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும் அவை ஏறிச் செல்கின்றன. பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகளும் வேன்களும் இவ்வழிகளில் புறப்பட்டுவிடும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குச் செல்லும் வேன்களும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

சமவெளியில் ஆண்டுக்கணக்கில் குறையின்றி ஓடும் வண்டி, இம்மலைப்பாதையின் மூன்றாம் வளைவிலேயே நின்றுவிடுவதுண்டு. புதிதாக ஒரு பழுது அங்கே தோன்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எஞ்சினுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்த குறையை ஏற்றம் வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே. எந்தக் குறை, ஏன் அங்கே வெளிப்படுகிறது என்பதை அறிய, ஏற்றம் எஞ்சினிடம் என்ன கேட்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போடிநாயக்கனூருக்கும் மெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1000 மீட்டர். பயணிகளுடன் 4 டன் எடையுள்ள வேன் ஒன்றை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க வேண்டுமாயின், இயற்பியல் பாடத்தில் கற்ற நிலையாற்றல் வாய்பாட்டின்படி 4000 × 9.8 × 1000, அதாவது ஏறத்தாழ 3.9 கோடி ஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒரு லிட்டருக்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் மூன்று லிட்டருக்குமேல் செலவாகும். ஏனெனில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே எஞ்சின் வேலையாக மாற்றுகிறது. எஞ்சிய இரு பங்கும் வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். அவ்வாறு வெளியேற வழியில்லாத வெப்பமே மலைப்பாதையில் நேரும் பழுதுகள் பலவற்றுக்குக் காரணம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் தனித்தன்மையே அதுதான். சிலிண்டருக்குள் காற்று மட்டும் புகுகிறது. பிஸ்டன் அதனைப் பதினாறில் ஒரு பங்கு, சில எஞ்சின்களில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அந்நொடியில் இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய 14 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். எனவே எஞ்சினின் வலிமையை இறுதியில் வரையறுப்பது எரிபொருள் அன்று; காற்றே. டீசலை வேண்டிய அளவு பீய்ச்சிவிடலாம். காற்று போதாவிட்டால் அது கரும்புகையாகவே வெளியேறும். இதற்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து வழிகாட்டியது. வீணாக வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. அழுத்தும்போது சூடாகும் காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்க, இடையில் இன்டர்கூலர் அமைக்கப்படுகிறது. போடிமெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின்கள் மேலே செல்லச் செல்ல மூச்சுத் திணறியதற்கும், டர்போ உள்ளவை அவ்வளவு தளராமல் ஏறுவதற்கும் காரணம் இதுவே.

தென்மாவட்டங்களில் 'வேன்' என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது டெம்போ டிராவலர். அதனை உருவாக்கிய பூனா நிறுவனம் 1958-இல் பஜாஜ் டெம்போ என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2005-இல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறியது. மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 என்னும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை உரிமம் பெற்று அந்நிறுவனம் இந்தியாவில் உருவாக்கியது. அதன் சிலிண்டரின் விட்டம் 90.9 மில்லிமீட்டர்; பிஸ்டன் நகரும் தொலைவு 92.4 மில்லிமீட்டர். உருளையின் கனஅளவு வாய்பாட்டில் இவற்றை இட்டு நான்கால் பெருக்கினால் 2399 கன சென்டிமீட்டர் கிடைக்கும். விளம்பரங்களில் 'சிசி' என்று குறிக்கப்படும் எண் இதுவே. ஜெர்மானியக் கார்களில் டர்போ இன்றிப் பொருத்தப்பட்டபோது அவ்வெஞ்சின் சுமார் 72 குதிரைத்திறனும், 137 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் தந்தது.

இன்றைய டிராவலர் வேன்களில் உள்ள 2.6 லிட்டர் டர்போ எஞ்சின் அளவில் அதைவிடச் சிறிதே பெரியது. ஆனால் அதன் திறன் 115 குதிரைத்திறன்; திருப்புவிசை 350 நியூட்டன் மீட்டர். இரண்டரை மடங்குக்கும் மேலான இவ்வுயர்வு, டர்போவும் மிகையழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறையும் இணைந்து தந்ததாகும்.

இவ்விரு எண்களுள் மலைக்கு உதவுவது எது? பட்டறைகளில் 'வண்டிக்கு இழுவை இல்லை' என்பார்கள். அந்த 'இழுவை' என்ற சொல் குறிப்பது பெரும்பாலும் திருப்புவிசையையே; விற்பனைத் தாள்களின் மொழியைவிட இச்சொல் பொருத்தமானது. மேற்கண்ட 350 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்திற்கு 1400 முதல் 2200 சுற்றுகள் சுழலும்போது கிடைக்கிறது. அதற்குக் கீழே புகையின் விசை குறைவு. டர்போ மெல்லச் சுழலும். இழுவை சட்டென்று விழும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்தபின் கியரைக் குறைக்க முயலும் ஓட்டுநர், சரியாக அப்பள்ளத்தில் விழுகிறார். வண்டி திணறி நின்று, பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. பின்னால் இன்னொரு வேன் வந்துகொண்டிருக்கும். பழகிய ஓட்டுநர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, சுழற்சியைத் தாழவிடாமல் திரும்புவார். எஞ்சின் பழுது என்று கருதப்படும் நிகழ்வுகள் சில, உண்மையில் கியர் மாற்றப் பிந்தியதன் விளைவுகளே.

உண்மையான பழுதுகளைப் பெரும்பாலும் புகையின் நிறம் முன்கூட்டியே சொல்லிவிடும். கரும்புகை, காற்றுப் பற்றாக்குறையின் அடையாளம். பள்ளத்தாக்கின் தோப்புச்சாலைகளில் படியும் செம்மண் தூசியால் ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். குழாய் கிழிந்திருந்தால் முடுக்கும்போது காற்றுச் சீறும் ஒலியும் கேட்கும். சமவெளியில் சற்றே மந்தமாகத் தோன்றும் வண்டி, ஏற்றத்தில் முற்றிலும் தளர்ந்துவிடும். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுவது. பிஸ்டன் வளையங்களோ டர்போவின் அடைப்புகளோ தேய்ந்திருக்கும். மார்கழி அதிகாலையில் எழும் வெண்புகை, குளிரில் முழுதும் எரியாத டீசலாக இருந்து சிறிது நேரத்தில் மறையலாம். எஞ்சின் சூடேறிய பின்னரும் அது மறையாமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் தலைப்பகுதியின் கேஸ்கட் சிதைந்து நீர் உள்ளே கசிகிறது என்று பொருள். ஆயில் அளவுகோலில் பால் கலந்த தேநீர்போன்ற நிறம் தெரிந்தால் ஐயமே இல்லை.

கேஸ்கட் சிதைவதற்குப் பெரும்பாலும் முன்காரணம் அதிவெப்பம். ஏற்றத்தில் வண்டி மெதுவாகச் செல்வதால் எதிர்க்காற்றின் குளிர்ச்சி குறைவு. எஞ்சினோ முழுவிசையில் உழைக்கிறது. ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே மண் அடைந்திருந்தாலும், விசிறிப் பட்டை தளர்ந்திருந்தாலும், தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். அப்போது வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர்கள் முகத்திலும் கையிலும் கொதிநீர் பட்டு வெந்துபோகிறார்கள். அழுத்தத்தில் அடைபட்டுள்ள நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காதிருக்கும். மூடி தளர்ந்த கணமே பொங்கிச் சீறும்.

டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். மெட்டு ஏறியவுடன் தேநீர்க்கடை முன் வண்டியை நிறுத்தி, அக்கணமே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், தண்டோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும், சூடும் தணிந்திராது. தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் இதனாலேயே வந்தது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாமையும் இதே கேட்டைத் தருகிறது.

அரிதாக நிகழ்ந்தாலும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. டர்போவின் அடைப்பு முற்றிலும் சிதைந்தால், அங்கே கசியும் ஆயில் காற்றோடு எஞ்சினுக்குள் புகுந்து எரிபொருளாகிவிடும். சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. ஓலமிட்டுக்கொண்டு வேகம் கூடிக்கொண்டே போகும். கைக்கியர் உள்ள வண்டியில் பிரேக்கை முழுதும் அழுத்தி, உயர்கியரில் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிப்பதே அதனை நிறுத்தும் வழி. அது கைகூடாவிடில் பயணிகளை இறக்கி, விலகி நிற்கச் செய்ய வேண்டும்.

எரிபொருளில் நீர் கலந்திருப்பது பழைய எஞ்சின்களிலும் இடர்தான். காமன் ரெயில் எஞ்சினிலோ அது பெருஞ்செலவாகிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்கும் பம்பும் இன்ஜெக்டர்களும் டீசலின் வழவழப்பையே மசகாகக் கொண்டவை. நீரும் மண்ணெண்ணெய்க் கலப்படமும் அவற்றை அரித்துவிடும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்குப்பின், புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே சிறுசிறு பயணமாக ஓடும் வண்டியில் அது சூடேறாமல் அடைபடும். இந்த ஒன்றில் மட்டும் மலைப்பாதை எஞ்சினுக்கு நன்மை செய்கிறது. ஏற்றத்தின் வெப்பம் அக்கரியை எரிக்க உதவுகிறது.

இறங்கும்போது கணக்குத் தலைகீழாகிறது. ஏறுகையில் சேமித்த அதே 3.9 கோடி ஜூல் ஆற்றல், இப்போது வேகமாக மாறாமல் செலவழிக்கப்பட வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சினின் எதிர்ப்பு விழுங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை விடுவித்து இறங்குவோர், முழுச்சுமையையும் பிரேக்கின்மேல் ஏற்றுகிறார்கள். அது பெரிய மிச்சமும் அன்று. கியரில் இறங்கும் காமன் ரெயில் எஞ்சினுக்கு, முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் டீசல் அறவே நிறுத்தப்படுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் ஸ்டியரிங்கை எளிதாக்கும் பம்பும் பெரும்பாலான வேன்களில் எஞ்சினால் இயங்குபவை. எஞ்சின் நின்றால், இரண்டு மூன்று மிதிப்புகளுக்குப்பின் பிரேக் மிதி கல்லாகிவிடும். எதிரே அடுத்த வளைவு இருக்கும்.

மலையடியிலுள்ள முந்தல் சோதனைச்சாவடியை வந்தடையும் வேனின் எஞ்சின், தாழ்ந்த கியரில் இறங்கியிருந்தால் அதிகச் சூடின்றியே இருக்கும். டர்போவை ஆறவிட வேண்டிய தேவையும் அங்கே பெரிதாக இல்லை. பழகிய ஓட்டுநர் கீழே இறங்கியதும் செல்வது எஞ்சின் பக்கம் அன்று. சக்கரங்களுக்கு அருகே குனிந்து, தொடாமல் புறங்கையை நீட்டி வெப்பத்தைப் பார்க்கிறார். நான்கும் ஒத்த சூட்டில் இருந்து, கருகல் வாடை இல்லையென்றால், போடியை நோக்கி வண்டியை எடுக்கிறார்.