செஞ்சி மலைப் பாறையும் நம்ம ஊர் போர்வெல்லும்



போர்வெல்லுக்குக் கடன் கேட்டு வரும்போது, "400 அடி போட்டும் புகைதான் வந்தது, இன்னும் 200 அடி இறக்கினா தண்ணி வந்துடுமா?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல, பூமி உண்டான கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பூமி பிறந்து சுமார் 454 கோடி வருடம் ஆகிறது. முதலில் அது கொதிக்கும் பாறைக் குழம்பு. கனமான இரும்பு நடுவுக்கு இறங்கிவிட்டது, லேசானது மேலே நின்றது. அரிசி களையும்போது கல் அடியில் தங்குமே, அது மாதிரி. பிறகு, கேழ்வரகுக் கூழ் ஆறினால் மேலே ஏடு கட்டுவதுபோல மேல்பாகம் இறுகியது. எரிமலைகள் கக்கிய நீராவி குளிர்ந்து, மழையாகக் கொட்டி, கடல் சேர்ந்தது. அந்தக் காலத்துக் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் சுமார் 240 கோடி வருடத்துக்கு முன்புதான் காற்றில் சேர ஆரம்பித்தது.

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பாறைகள் அதற்கும் மூத்தவை, சுமார் 250 கோடி வருடம்! குவாரியில் ஜல்லி உடைக்கிறோமே, அந்தக் கருநீலக் கல்லுக்கு சார்னோகைட் என்று பேர். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய கல் அது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையிலும் வெயிலிலும் கரைந்து போனதால் இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படி இறுகிய கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே மக்கிய பாறையிலும், வெடிப்புகளிலும்தான் தங்கும். ஆழம் போகப் போக வெடிப்பு பொதுவாகக் குறைந்துவிடும். அதனால் இன்னும் 200 அடி என்பது பெரும்பாலும் சூதாட்டம்தான். தண்ணி வராவிட்டாலும் கடனை வட்டியோடு கட்டியாக வேண்டும்.

வானூர் பக்கம் வேற மாதிரி. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிட திருவக்கரைக்குப் போகிறவர்கள், அங்கே கல்லாகிப்போன மரங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுமார் 2 கோடி வருடத்துக்கு முன் ஆற்று மணலில் புதைந்தவை அவை. அந்த மணல் இறுகிய மணற்பாறையில் இண்டு இடுக்கு நிறைய, அதில் தண்ணீர் தேங்கும். வானூர்க்காரர் போட்ட ஆழத்தை வைத்து செஞ்சிக்காரர் கணக்குப் போட முடியாது.

கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேளாண் பொறியியல் துறையில் கருவி வைத்து நிலத்தடி நீர் பார்த்துத் தருகிறார்கள். தேங்காயைக் கையில் வைத்துப் பார்க்கிறவருக்குக் கொடுக்கும் பணத்தை அங்கே கட்டலாம்.