மாற்று ஈரலும் நீடித்த நலமும்

கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் வீடு திரும்பியதும், இனிக் கவலையில்லை என்று உற்றார் எண்ணுவது இயல்பு. உண்மையில், நெடுங்காலப் பணியொன்று அன்றுதான் தொடங்குகிறது.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் என்னும் அறுவை மருத்துவர் இச்சிகிச்சையை மனிதருக்கு முதன்முதலாகச் செய்தார். நோயாளி பிழைக்கவில்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்த பின்னரே பலர் நெடுநாள் வாழலாயினர். இந்தியாவில், 1998-இல் தில்லியில் தந்தையின் ஈரற்பகுதியைப் பெற்ற குழந்தையொன்று வளர்ந்து மருத்துவராகவே ஆகியுள்ளது.

மருந்து எதற்கு? உடலின் காப்பாற்றல் புதிய ஈரலை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும் தன்மையது. அதனை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைக் குறித்த வேளையில், பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். தாமாக நிறுத்துவோர் ஈரலையே இழக்க நேரிடலாம். தொடக்கத்தில் நோவோ மஞ்சள் நிறமோ தோன்றாமலிருக்கலாம். இரத்தப் பரிசோதனையே கேட்டினை முன்னறிவிக்கும்.

இம்மருந்தினால் தீங்குகளும் உண்டு. தொற்று நோய்கள் எளிதிற் பற்றும். சிறுநீரகம் தளரலாம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகலாம், தோற்புற்று தோன்றும் வாய்ப்பும் கூடும். ஆதலின் முறையான சோதனையும், அளவான உணவும், நாள்தோறும் நடத்தலும் இன்றியமையாதவை. காய்ச்சாத பால், வேகாத முட்டை, இறைச்சி ஆகியவற்றை விலக்குக. பம்பளிமாசு இரத்தத்தில் மருந்தின் அளவை மிகுவிக்கக்கூடும். அதனையும் தவிர்த்தல் நன்று. மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்து எதனையும் உண்ணலாகாது.

களப் பணியாளர் இத்தகையோருக்குத் தடுப்பூசி போடுமுன் சிகிச்சை நிலையத்தின் கருத்தை அறிதல் வேண்டும். தட்டம்மை ஊசி போன்ற, உயிருள்ள கிருமிகளைக் கொண்டவை அவர்களுக்குப் பொதுவாக ஏற்றவையல்ல.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மை கண்டால், மாற்று ஈரல் பெற்ற மாணவரின் பெற்றோருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் இசைந்தால் விளையாட்டினின்று அவரை ஒதுக்க வேண்டுவதில்லை. மிகுந்த கவனம் தேவைப்படுவது குமரப் பருவத்திலேயாம். தோழர் முன்னிலையில் மாத்திரை விழுங்க நாணியும், பிறரைப் போலிருக்க விரும்பியும் மருந்தைக் கைவிடுவோர் அவ்வயதினரிடையே மிகுதி. அப்போது கண்டித்தலாற் பயனில்லை. தனியறையும், ஒரு குவளை நீரும், பிறரறியாத நினைவூட்டலுமே போதும். ஒருவர் மனமுவந்து ஈந்த ஈரல் அம்மாணவரின் உடலில் நிலைத்திருக்க இச்சிறு உதவி துணை செய்யும்.