யஷ்வந்தபுரத்தில் ரோமச் சக்கரவர்த்திகள்

யஷ்வந்தபுரம் என்றால் இன்று பெங்களூருக்காரர்களுக்கு ரயில் நிலையமும் வெங்காய மண்டியும்தான் நினைவுக்கு வரும். 1891-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து 163 ரோமானிய வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. அகஸ்டஸ் தொடங்கி கிளாடியஸ் வரையிலான சக்கரவர்த்திகள் வெளியிட்டவை. பின்னாளில் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியிலும் இதுபோல ஒரு புதையல் அகப்பட்டது. கடற்கரையே இல்லாத பீடபூமியில் இத்தனை ரோமத் தலைகளா என்று வியந்து, ரோமின் புகழ் இங்கும் கொடிகட்டிப் பறந்ததாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால், இங்கே அந்தக் காசைக் கைநீட்டி வாங்கியவர் பார்த்தது வெள்ளியின் மாற்றையும் எடையையும்தான். அரசன் யார் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

இதற்கு நல்ல சாட்சி, கிளாடியஸுக்கு அடுத்து வந்த சக்கரவர்த்தி நீரோ. கி.பி. 64 வாக்கில் அவன் வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தான், கலப்படமும் செய்தான். அதற்குப் பின் அடித்த வெள்ளிக்காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் அரிதாகவே கிடைக்கின்றன. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த ஒரு செய்தியும் உண்டு: இலங்கையில் கரை ஒதுங்கிய ரோமானியன் ஒருவனிடமிருந்த காசுகளில் தலைகள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாகவே நின்றதைக் கண்டு அந்நாட்டு அரசன் வியந்தானாம். சொந்த ஊர்ப் பெருமைக்குச் சொன்ன கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் பெருமையடிக்கும்போதும் அவர் எடையைத்தானே முன்னே வைக்கிறார்!

வெள்ளிதான் முக்கியம் என்றால் இந்தியாவில் கிடைத்தவற்றில் இரண்டே வகைகள் மிகுந்திருப்பது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றில் அகஸ்டஸின் பேரர்கள் இருவர் நடுவே கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள்; மற்றொன்றில் ஒருபக்கம் டைபீரியஸ் தலை, மறுபக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். இவற்றை ரோமர்கள் ஏராளமாக அடித்தார்கள் என்பது ஒரு காரணம். பழகிய உருவம் இன்றைய ஹால்மார்க் முத்திரைபோல உதவியது என்பது இன்னொன்று. முத்திரையை நம்புவது வேறு, அரசனை மதிப்பது வேறு. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேலேயே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இந்தியாவின் வடமேற்கே நிலைமை வேறு: மினாண்டர் போன்ற கிரேக்க அரசர்கள் காசின் மறுபக்கத்தில் அங்கு வழங்கிய கரோஷ்டி எழுத்திலும் தம் பெயரைப் பொறித்தார்கள். அவர்களுக்கு அங்கே குடிகள் இருந்தார்கள்.

ஆகவே, கிளாடியஸ் தலையோடு முடிவதால் யஷ்வந்தபுரப் புதையலை அவன் காலத்திலேயே புதைத்தார்கள் என்று கணக்குப் போட முடியாது. நீரோவின் கலப்படத்துக்குப் பிறகும் வணிகர்கள் பழைய நல்ல காசுகளைப் பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றியிருக்கலாம்.