புல்லுருவி என்று ஏசுமுன்



உழையாமல் பிறர் பொருளில் வாழ்வோரைப் ‘புல்லுருவி’ என்று ஏசுவது நம் வழக்கம். அப்பெயருக்குரிய செடியை உற்று நோக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மயிலாப்பூர், அடையாறு பக்கங்களில் மாமரத்தையோ வேம்பையோ கடக்கும்போது சற்றே அண்ணாந்து பாருங்கள். ஒரு கிளையில் மட்டும் இலைகள் தடித்து, நிறம் மாறி, செம்மஞ்சள் குழற்பூக்களுடன் புதர் ஒன்று தென்பட்டால் அதுவே புல்லுருவி.

இதற்கு மண் வேண்டியதில்லை. தேன்சிட்டினும் சிறிய பூக்கொத்திப் பறவை இதன் கனியை விழுங்கி, பசை மிகுந்த விதையைச் சிறிது நேரத்தில் எச்சத்துடன் கிளையில் தேய்த்துவிடுகிறது. ஒட்டிய விதை முளைத்து, வேர் போன்ற உறிஞ்சியைப் பட்டைக்குள் செலுத்துகிறது. பின்னர் கிளை நெடுகப் படர்ந்து, இடையிடையே புதிய உறிஞ்சிகளையும் இறக்குகிறது.

ஆயினும் இது முழுச் சோம்பேறியன்று. மரத்திடமிருந்து நீரையும் தாது உப்புகளையும் பெற்றுக்கொண்டாலும், தன் பச்சை இலைகளால் தானும் உணவு சமைக்கிறது. ஆகவே இது அரை ஒட்டுண்ணியே. நாம் போற்றும் சந்தன மரமும் அத்தகையதே! அது மண்ணுக்கடியில் அண்டை மரங்களின் வேரிலிருந்து உறிஞ்சுகிறது. அதனாலேயே சந்தனக் கன்றின் அருகில் துவரையை நடுகிறார்கள். ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றைத் தூற்றுகிறோம்.

ஆஸ்திரேலியக் காடுகள் சிலவற்றில் புல்லுருவி இனங்களை அகற்றிப் பார்த்தனர். மூன்றாண்டுகளில் பறவை வகைகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு மறைந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனவே 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் கிண்டிக் காடு போன்ற இடங்களில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டு மரத்தின் கதை வேறு. கோடையில் மரம் நீருக்குத் தவிக்கையிலும் புல்லுருவி உறிஞ்சுவதை நிறுத்தாது. கிளை நுனி காயும், காய்ப்புக் குறையும், பல கிளைகளில் பரவினால் மரமே பட்டுப்போகலாம். இலையை மட்டும் ஒடித்தால் மீண்டும் தளிர்க்கும். ஆதலால் கனி பழுக்குமுன், ஒட்டிய இடத்திற்கு ஓரடியேனும் கீழே கிளையோடு வெட்டி அகற்றுங்கள். தெரு மரமாயின் மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள்.

மரம் மடிந்தால் புல்லுருவியும் மடியும். அளவோடு எடுக்கும்வரைதான் இரண்டுக்கும் வாழ்வு. அடுத்த முறை எவரையேனும் அப்பெயரால் ஏசுமுன், அவர் தம் பங்குக்கு உணவு சமைக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்!