கடைப் பெயரும் இணைய முகவரியும்
சிறு வணிகரின் இணையதளம்: கண்டறிய எளிதாக, நம்பத் தக்கதாக

செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த திருமுல்கேரியை ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஆங்கிலேயர் காலத்து இராணுவ வழக்கைப் பின்பற்றி ‘டிரிமல்கெரி’ என்று எழுதுவோர் உண்டு. தெலுங்கு ஒலிப்பை ஒட்டித் ‘திருமலகிரி’ என்று எழுதுவோரும் உண்டு. போதாக்குறைக்கு, தெலங்கானாவின் சூர்யாபேட்டை மாவட்டத்திலும் திருமலகிரி என்றோர் ஊர் இருக்கிறது. இப்பகுதியில் தையற்கடையோ இனிப்பகமோ நடத்துபவருக்கு இது சிறிய செய்தியன்று. கைபேசியில் தேடும் வாடிக்கையாளர் எந்த எழுத்துக்கூட்டலைத் தட்டச்சு செய்தாலும் அவருடைய கடை கண்ணில் பட வேண்டும். கண்ணில் பட்ட பிறகு, அது உண்மையான கடைதான் என்ற உறுதியும் பிறக்க வேண்டும். நல்ல இணையதளம் ஆற்ற வேண்டிய பணிகள் இவ்விரண்டுமே.

முகவரி உங்கள் பெயரில் உள்ளதா?

‘டொமைன்’ எனப்படும் இணைய முகவரி, கடையின் பெயர்ப்பலகை போன்றது மட்டுமன்று. ஒப்பந்தத்தால் கிடைக்கும் உரிமையும் ஆகும். பல வணிகர்கள் இணையதளத்தை வடிவமைப்பவரிடமே முகவரியைப் பதிவு செய்யும் பொறுப்பையும் விட்டுவிடுகின்றனர். அவர் தம்முடைய பெயரிலும் தம்முடைய மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டால், பிணக்கு ஏற்படும் நாளில் கடையின் பெயர் பிறர் கையில் இருக்கும். எனவே பதிவு உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொண்டு நடைபெற வேண்டும். புதுப்பிக்கத் தவறிய முகவரியைப் பின்னர் எவரும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே புதுப்பிக்கும் நாளை உரிமம், காப்பீடு ஆகியவற்றின் நாள்களோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ‘டாட் இன்’ முகவரிகளோடு, தமிழ் எழுத்திலேயே ‘டாட் இந்தியா’ என முடியும் முகவரிகளும் நம் நாட்டில் உள்ளன.

வங்கிகள் காட்டிய வழி

முகவரியின் மதிப்பை உணர ஹைதராபாதிலேயே ஒரு சான்று உண்டு. வங்கிகளின் பெயரில் போலித் தளங்கள் அமைத்துப் பணம் பறிப்பதைத் தடுக்க, ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் தனி முகவரியை இந்திய வங்கிகளுக்கு வழங்கப் போவதாக இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டுமெனப் பணித்தது. இம்முகவரிகளைப் பதிவு செய்யும் ஒரே அமைப்பு, ரிசர்வ் வங்கி 1996-இல் ஹைதராபாதில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாகும். வங்கியல்லாத எவரும் இம்முகவரியைப் பெற இயலாது என்பதே இதன் வலிமை.

சிறு வணிகருக்கு இத்தகைய வேலியிட்ட முகவரி இல்லை. ஆனால் அதன் பாடம் அவருக்கும் பொருந்தும்: ஒரே முகவரியைத் தேர்ந்து, அதனைப் பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, பை, வாட்ஸ்அப் செய்தி என எல்லா இடங்களிலும் மாற்றமின்றி அச்சிட வேண்டும். உண்மையான முகவரியை நன்கறிந்த வாடிக்கையாளரைப் போலி முகவரியால் ஏமாற்றுவது கடினம்.

தேடுபவர் கண்ணில் பட

கடையின் பெயர், முழு முகவரி, 500015 என்னும் அஞ்சல் குறியீட்டு எண், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை முதற் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கட்டும். அவற்றைப் படமாக மட்டும் வைத்தால் தேடுபொறி அவற்றைச் சரிவரப் படிக்கும் என்று நம்ப இயலாது. ஊர்ப் பெயரின் வேறு எழுத்துக்கூட்டல்களையும், லால் பஜார், கார்கானா போன்ற அண்டைப் பகுதிகளையும் வழி சொல்லும் வாக்கியத்தில் இயல்பாகச் சேர்க்கலாம். ஒரே சொல்லை அடுக்கிக்கொண்டே போவது தேடுபொறியின் ஐயத்தைத்தான் வளர்க்கும். கூகுள் வரைபடத்தில் கடையைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அங்கும் இணையதளத்திலும் பெயரும் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கூகுள் நிறுவனம் ஓர் இணையதளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அதனைப் பட்டியலிடுகிறது. ஆகவே கனமான படங்களைச் சுருக்கி, பக்கம் விரைவில் திறக்குமாறு செய்வது பயன் தரும். விலை, அளவு, அனுப்பும் காலம், திருப்பித் தரும் விதி ஆகியவற்றை வாடிக்கையாளர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நன்று.

இணைய வழியில் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு இது சட்டக் கடமையும் ஆகும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவை தளத்தில் இடம்பெற வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் உறுதி செய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.

பாதுகாப்பு

முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்கினால், வாடிக்கையாளர் அனுப்பும் விவரம் வழியில் பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்படுகிறது என்று பொருள். இதற்கான சான்றிதழ் கட்டணமின்றியே கிடைக்கிறது. ஆனால் அது தளத்தை நடத்துபவரின் நேர்மைக்குச் சான்றன்று. போலித் தளங்களும் அதனைப் பெறுகின்றன.

நிர்வாகக் கணக்குக்கு நீண்ட கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். பணியிலிருந்து விலகியவரின் அனுமதியை அன்றே நீக்குக. தளம் இயங்கும் மென்பொருளைக் காலந்தவறாமல் புதுப்பித்து, தளத்தின் நகலை வேறோர் இடத்தில் சேமியுங்கள். அந்நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஒருமுறையேனும் சோதித்துப் பாருங்கள்.

பணம் பெறும் பணியை அங்கீகரிக்கப்பட்ட கட்டணச் சேவை நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்கலாகாது. அட்டை எண்ணை எழுதி அனுப்பக் கோரும் படிவம் உங்கள் தளத்தில் இருந்தால் உடனே அகற்றுக. யு.பி.ஐ. வழியே பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்பதைக் கடை ஊழியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மோசடி நேர்ந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் காலந்தாழ்த்தாது அழையுங்கள்.

உங்கள் கடையை அறியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, அதனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விலையையும் வழியையும் அவர் தாமாகவே அறிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கேயே உங்கள் இணையதளத்தைத் திருத்தத் தொடங்கலாம்.